உள்ளூர்ப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு

கஹவத்தை
2025 ஆகஸ்ட் 9

ஸப்ரிக்கு,

ஸலாம். நீ சுகமாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன், நினைக்கத்தான் முடிகிறது. ஷார்ஜாவில் வாட்ஸ்அப் கோல் எடுபடாது என்கிறாய். குரல் செய்தி அனுப்பினால் இரண்டு நாள் கழித்து "ஓகே ராத்தா" என்று வருகிறது. அதனால் ஈமெயிலில் எழுதுகிறேன். சின்ன வயதிலும் நீ அப்படித்தான். வாயால் கேட்டால் முழிப்பாய், எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவாய்.

முதலில் வியாபாரம். நீ செய்து தந்த நம் துணிக்கடையின் இணையப் பக்கத்தில் இருந்து நேற்று ஓர் எச்சரிக்கை வந்தது. நெதர்லாந்தில் இருந்து யாரோ நம் கணக்குக்குள் நுழைந்தார்களாம். கவுண்டரில் நிற்கும் ஷாமிளா, "மெடம், ஒல்லாந்தர் திரும்பி வந்துட்டாங்க, இந்த முறை கறுவாப்பட்டைக்கு இல்ல, அபாயாவுக்கு" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருடனா, இல்லையா, சொல்.

இரண்டாவது, பொய் ஆர்டர்கள். பார்சல் கையில் கிடைத்ததும் காசு என்று போட்டதில் இருந்து ஒரே தொல்லை. புளத்கொகுபிட்டியவுக்கு அனுப்பிய பொதி, அப்படி ஒரு வீடே இல்லை என்று திரும்பி வந்தது. மழையில் நனைந்த துணியை யார் வாங்குவது? ஆர்டர் போடுகிறவன் எங்கே இருக்கிறான் என்று பக்கத்துக்குத் தெரியாதா?

மூன்றாவது, உம்மா. இதயம் பலமில்லை என்று இரத்தினபுரி டொக்டர் சொல்லிவிட்டார். கால் வீங்கியிருக்கிறது. சாய்ந்து படுத்தால்தான் மூச்சு வருகிறது. காலையும் மாலையும் ஒரே கேள்வி: "ஸப்ரி எப்ப வாற?"

போகிற அன்று நீ கடை நிறைய ஆட்கள் இருக்க, "பொம்பிளைட கடையில நான் துணி மடிக்க மாட்டேன், சொந்தக் கடை போட்டுத்தான் திரும்புவேன்" என்றாய். நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. "வந்து என்ட கவுண்டர்ல நிக்காத" என்றேன். அதெல்லாம் கடைப் பேச்சு. உம்மாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ராத்தா
பர்ஸானா

*

ஷார்ஜா
ஆகஸ்ட் 12

அன்பு ராத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். பயப்படாதீங்க, அந்த ஒல்லாந்தர் நான்தான். இங்கே சில தளங்கள் திறக்காது. அதற்காக வி.பி.என். என்ற ஒன்றைப் போடுவோம். அன்றைக்கு அது தவறி நெதர்லாந்தைப் பிடித்துக்கொண்டது. கோல் எடுக்க அதைப் போட்டால் அபராதம் என்று கம்பெனி அறையில் எழுதியே ஒட்டியிருக்கிறார்கள். அதனால்தான் உங்களுக்கு எடுப்பதில்லை.

உங்களுக்கு விளங்கும் மாதிரிச் சொல்கிறேன். இணையத்துக்குப் போகும் ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எண் உண்டு. எந்தக் கட்டு எண்கள் எந்த நாட்டுக் கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டவை என்பது எல்லாரும் பார்க்கக்கூடிய பதிவில் இருக்கிறது. பக்கம் அதைப் பார்த்துத்தான் நாட்டைச் சொல்கிறது. ஊரைச் சொல்வது அரைவாசி ஊகம். நீங்கள் கஹவத்தையில் இருந்து திறந்தாலும் கொழும்பு என்று காட்டுவது அதனால்தான்.

வி.பி.என்., ப்ரொக்ஸி எல்லாம் என்ன செய்யும் என்றால், உங்கள் பார்சலை இன்னோர் ஊர் ஆளிடம் கொடுத்து அவர் ஊர்த் தபாலில் போடச் சொல்வது மாதிரி. முத்திரை அவர் ஊர் முத்திரையாக இருக்கும். ஆனால் முத்திரைதான் மாறும். போனில் ஓடும் நேரம் எந்த நாட்டு நேரம், எந்த மொழி என்பதைப் பக்கம் தனியாகக் கேட்டுவிடும். "உங்கள் இடத்தைக் காட்டவா?" என்று கேட்கும்போது ஆமென்று அழுத்தினால் முடிந்தது, போன் தன் ஜீ.பீ.எஸ்.சையும் சுற்றியுள்ள வைஃபைகளையும் வைத்துத் தெருவையே சொல்லிவிடும். எந்த வி.பி.என். போட்டிருந்தாலும் அது சொல்லும்.

ஆர்டர் பட்டியலில் முத்திரைக்குப் பக்கத்திலேயே போனின் நேரத்தையும் காட்டும்படி செய்திருக்கிறேன். இரண்டும் பொருந்தாவிட்டால் அனுப்ப முன் ஒரு கோல் எடுத்துப் பாருங்க.

உம்மாவுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லுங்க. கருவாடு கேட்டால் கொடுக்காதீங்க. கேட்பா.

தம்பி
ஸப்ரி

*

கஹவத்தை
ஆகஸ்ட் 20

ஸப்ரி,

நீ சொன்ன வித்தை வேலை செய்தது. கனடாவில் இருந்து ஓர் ஆர்டர், போனில் நம் நாட்டு நேரம். கோல் எடுத்தேன். மணி அடித்தது எங்கே தெரியுமா? எதிர்ப்பக்கத் துணிக்கடையில். கண்ணாடிக்குள்ளே அந்தக் கடை முதலாளி பொக்கெட்டில் தேடுவது எனக்கே தெரிகிறது. றோட்டைக் கடந்து போய், "கனடாவில் குளிர் எப்படி முதலாளி?" என்று கேட்டேன். அவனுடைய வேலைக்காரர்கள் துணி றோல்களுக்குப் பின்னால் போய்ச் சிரித்தார்கள். இனி அவன் பொய் ஆர்டர் போட மாட்டான்.

தோட்டத்துப் பெண்கள் உன் வளைகுடாப் பக்கத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். குவைத்தில் வீட்டுவேலை செய்யும் லோஜினி, தோட்டத்து லய வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அங்கே இருந்தே தீபாவளிச் சட்டை தெரிவு செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள். முத்திரையைப் பார்த்து உள்ளூர்ப் பக்கம் வேறு, வளைகுடாப் பக்கம் வேறு என்று நீ பிரித்தபோது வீண் வேலை என்றேன். வீண் இல்லை.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். பட்டியலைப் பார்க்கும்போது நீ நுழைந்த வரிகளும் கண்ணில் பட்டன. முத்திரை அமீரகம். போனின் நேரம் நம்முடையது. அங்கே வேலை செய்கிறவர்கள் போனை நம் ஊர் நேரத்திலா வைத்திருப்பார்கள்?

உம்மா கருவாடு கேட்டா. கொடுக்கவில்லை. "அவன் சொல்லித் தந்தானா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டா. அதிலும் ஒரு சந்தோஷம் அவவுக்கு.

பர்ஸானா

*

ஷார்ஜா
ஆகஸ்ட் 23

ராத்தா,

போன் நம் நேரத்தில் இருப்பது நான் வேண்டுமென்றே வைத்தது. உம்மா மருந்து குடிக்கிற நேரம், தொழுகிற நேரம் எல்லாம் போனைப் பார்த்தால் தெரியும். இப்போது குளிசை போட்டிருப்பா, இப்போது இஷாவுக்கு வுழூ செய்வா என்று நினைத்துக்கொள்வேன். வேறொன்றும் இல்லை.

நீங்கள் நெடுநாளாகக் கேட்ட பார்சல் கட்டண வேலையையும் முடித்துவிட்டேன். ஆர்டர் போடுகிறவர் "என் இடம்" என்ற பொத்தானை அழுத்தினால், கடையில் இருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்துக் கட்டணத்தைத் தானே போட்டுக்கொள்ளும். வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். நேற்றே ஓர் ஆர்டர் போட்டுச் சோதித்தேன். சரியாக ஓடுகிறது.

இங்கே சூடு தாங்க முடியவில்லை. வேலை பரவாயில்லை.

ஸப்ரி

*

கஹவத்தை
ஆகஸ்ட் 24

ஸப்ரி,

உன் சோதனை ஆர்டர் வந்தது. புள்ளியும் விழுந்திருக்கிறது. தூரம் மிகச் சரியாகக் காட்டுகிறது.

அதை நான் ஷாமிளாவுக்குக் காட்டவில்லை. நீயே அழித்துவிடு.

சூடு தாங்க முடியவில்லை என்கிறாய். கண்டி றோட்டுப் பக்கம் நல்ல மழை என்று பார்சல் வான்காரர் சொன்னார். வரக்காப்பொலவில் தண்ணீர் கடை வாசல் வரை வந்ததாம்.

உம்மாவை இனி ஆஸ்பத்திரிக்கு இழுத்தடிக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். விளங்குகிறதா? எங்கே இருந்தாலும் வரப் பார். வந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நான் கேட்க மாட்டேன்.

பர்ஸானா

*

ஷார்ஜா
ஆகஸ்ட் 31

ராத்தா,

பதில் பிந்திவிட்டது. அந்த ஆர்டரை அழித்துவிட்டேன். வரைபடம் சில நேரம் பிழையாகக் காட்டும். புதிதாகச் செய்ததுதானே.

லீவு கேட்டிருக்கிறேன். ரமழானுக்கு முன் கிடைக்கும் என்கிறார்கள். வரும்போது வெறுங்கையோடு வர விருப்பம் இல்லை. கொஞ்சம் நிமிர்ந்து வர வேண்டும். அதுவரைக்கும் உம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்க. உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஸப்ரி

*

கஹவத்தை
செப்டம்பர் 11, சுபஹுக்குப் பிறகு

ஸப்ரி,

இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். உம்மா போய்விட்டா. பாங்கு சொல்லும்போது மூச்சு இருந்தது. நான் தொழுதுவிட்டுத் திரும்பும்போது இல்லை. ஜனாஸா அடக்கம் நடுப்பகல் லுஹருக்கு என்று பள்ளிவாசலில் பேசுகிறார்கள்.

உன் நம்பருக்கு அனுப்பியது ஒற்றை டிக்கிலேயே நிற்கிறது. இதையாவது பார்.

*

செப்டம்பர் 11

ராத்தா,

பார்த்தேன். டிக்கெட் இல்லை. கிடைத்தாலும் இன்றைக்கு வந்து சேர முடியாது. ஜனாஸாவை எனக்காக வைத்திருக்க வேண்டாம். லுஹருக்கே எடுங்கள். உம்மாவிடம் எனக்காக மன்னிப்புக் கேளுங்க.

ஸப்ரி

*

கஹவத்தை
செப்டம்பர் 19

ஸப்ரி,

எட்டு நாள் உனக்கு எழுதக்கூடாது என்று இருந்தேன். வியாபாரத்தில் எனக்கு ஒரு பழக்கம். கணக்கை நீட்டிக்கொண்டு போக மாட்டேன். அதனால் இன்றைக்குப் பேசி முடிக்கிறேன்.

நீ ஷார்ஜாவில் இல்லை. உன் சோதனை ஆர்டரின் சிவப்புப் புள்ளி வரக்காப்பொல பஸ் நிலையத்துக்குப் பின்னால், போன் திருத்தும் கடைகள் இருக்கும் வரிசையில் விழுந்திருந்தது. பிழையாகக் காட்டியிருக்கும் என்று நானும் நம்பப் பார்த்தேன். பிறகு அந்தப் பக்கம் போகும் பார்சல் வான்காரரிடம் உன் படத்தைக் காட்டினேன். "இந்தத் தம்பியா? என்ட போனுக்குக் கண்ணாடி மாத்தினவர்" என்றார். வேலை போய்த் திரும்பி வந்தாயா, எப்போது வந்தாய், ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

அன்றே உம்மாவிடம் சொன்னேன். அழுவா என்று நினைத்தேன். இல்லை. "அப்ப சோறு தண்ணிக்குக் கஷ்டமில்ல" என்றா. நான் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து வருகிறேன் என்று எழும்பினேன். கையைப் பிடித்துக்கொண்டா. "போகாத மகள். தெரியும் எண்டு சொன்னா வெட்கத்தில இன்னும் தூரம் போவான். அவனா வரட்டும். நீ வாசலைத் திறந்து மட்டும் வை." அதனால்தான் மழை, தண்ணீர் என்று சுற்றி வளைத்து எழுதினேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது என்று உனக்குத் தெரியும்.

பிறகு அந்தக் காலை. டிக்கெட் இல்லை என்று எழுதினாய். பஸ் டிக்கெட்டா இல்லை, ஸப்ரி? உம்மாவின் மையித்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அதைப் படித்தேன். போனைச் சுவரில் அடிக்கத்தான் கை போனது. உனக்கு இனி ஓர் எழுத்தும் எழுத மாட்டேன் என்று நினைத்தேன்.

ஆனால் பள்ளிவாசல் தலைவர் கபூர் ஹாஜியாரைக் கூப்பிட்டு, ஜனாஸாவைப் பின்னேரம் அஸர் வரைக்கும் வைக்கச் சொன்னேன். "யாருக்கு மகள்? ஷார்ஜாவுல இருந்து இண்டைக்கு வந்து சேர ஏலாதே. வெளிநாட்டு ஆக்களுக்கு நாங்க ஒருநாளும் வெச்சிருந்ததில்ல" என்றார். "வெளிநாடு இல்ல, பக்கத்தில ஒருத்தர்" என்றேன். யார் என்று கேட்டார். சொல்லவில்லை. ஊர் முழுக்கக் காத்திருந்தது, யாருக்கு என்று தெரியாமல். முகத்தை மூடவும் நான் விடவில்லை.

உனக்கு எழுத மனம் வரவில்லை. உம்மாவுக்குக் கொடுத்த வாக்கும் இருந்தது. அதனால் ஒரு வேலை செய்தேன். கடைப்பக்கத்தில் அறிவிப்புப் போட்டேன். கடை மூடுகிற நாளில் நாம் போடுவோமே, மேலே, பச்சைப் பட்டியில். நீ தினமும் கடைப்பக்கத்தைப் பார்ப்பாய். பார்த்தால் புரிந்துகொள்வாய், நான் சொன்னதாகவும் இருக்காது என்று கணக்குப் போட்டேன்.

அஸர் பாங்கு சொல்லியும் நீ வரவில்லை. மகன் இறங்க வேண்டிய கபுறுக் குழிக்குள் மாமாவின் மகன் நஜீப் இறங்கினான்.

மூன்று நாள் கழித்துத்தான் பட்டியலைப் பார்த்தேன். லுஹருக்குப் பிறகு, உம்மா இன்னும் வீட்டில் கிடக்கும்போது, நீ பக்கத்தைத் திறந்திருக்கிறாய். ஒரு முறை இல்லை, திரும்பத் திரும்ப. முத்திரை ஷார்ஜா. உனக்குக் காட்டப்பட்டது வளைகுடாப் பக்கம். குவைத்தில் இருக்கிறவளுக்குக் கஹவத்தைக் கடை மூடியது எதற்கு என்று நீதானே அந்தப் பக்கத்தில் அறிவிப்பு வராமல் செய்தாய்? அது என் புத்தியில் வரவில்லை. துணி எந்தத் தண்ணீரில் சுருங்கும் என்று தெரிந்த எனக்கு, அந்த நேரத்தில் இது தெரியவில்லை.

அறிவிப்பை இன்னும் எடுக்கவில்லை. வி.பி.என்.னை அணைத்துவிட்டுக் கடைப்பக்கத்தைத் திற.

பர்ஸானா

*

வரக்காப்பொல
செப்டம்பர் 20

ராத்தா,

திறந்தேன்.

"இன்று கடை இல்லை. எங்கள் உம்மா ஸபியாவின் ஜனாஸா அஸருக்குப் பிறகு. வந்துகொண்டிருப்பவருக்காகக் காத்திருக்கிறோம்."

இதை எத்தனை முறை வாசித்தேன் என்று தெரியவில்லை. போன் கடை முதலாளி, "மொகத மல்லி, என்ன தம்பி, போனில வைரஸா?" என்று கேட்டார். பின்பக்கம் போய்விட்டேன்.

கம்பெனியை மூடிவிட்டார்கள். ஐந்து மாதத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விமான நிலையத்தில் இறங்கி கஹவத்தை பஸ்ஸில்தான் ஏறினேன். அவிசாவளையில் இறங்கிவிட்டேன். உங்கள் கவுண்டர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கொஞ்ச நாள் வேலை செய்து, சின்னதாக ஒரு போன் கடை போட்டுவிட்டு வருவோம் என்று நினைத்தேன். கொஞ்ச நாள், கொஞ்ச நாள் என்றே போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எனக்கு மூச்சு வராது. உங்களுக்கு அந்தப் பொய்யை எழுதிவிட்டு நான் கடையில் இருக்கவில்லை. உடுத்த உடுப்போடு பஸ் ஏறினேன். இரத்தினபுரியில் மாறினேன். றோட்டில் மண் சரிந்து பஸ் ஊர்ந்தது. லுஹர் நேரம் தாண்டிவிட்டது. பெல்மதுளைச் சந்தியில் இறங்கி கஹவத்தை பஸ்ஸுக்கு நின்றேன்.

அங்கே நின்றுதான் கடைப்பக்கத்தைத் திறந்தேன். ஜனாஸா பிந்தியிருந்தால் அறிவிப்புப் போட்டிருப்பீங்க என்று எனக்குத் தோன்றியது. உண்மையாகவே தோன்றியது, ராத்தா. வி.பி.என்.னை மட்டும் அணைக்கவில்லை. அணைத்தால் நான் நாட்டில் இருப்பது பட்டியலில் விழும், நீங்கள் பார்ப்பீங்க என்று பயம். திரும்பத் திரும்பத் திறந்தேன். தீபாவளிச் சட்டையும் திர்ஹம் விலையும்தான் வந்தது. எங்கள் ஊரில் வெளிநாட்டுக்காரருக்கு வைத்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நானே வைத்திருக்க வேண்டாம் என்று எழுதியும் விட்டேன். மண் போட்டு முடிந்திருக்கும் என்று நினைத்தேன். முகத்தைக் காணாமல், ஷார்ஜாவில் இருக்க வேண்டியவன், வீட்டு வாசலில் போய் நின்று என்ன சொல்வது?

கஹவத்தை பஸ் வந்தது. கொண்டக்டர், "நகின்ட, நகின்ட" என்று ஏறச் சொன்னார். நான் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் போய் இரத்தினபுரி பஸ்ஸில் ஏறினேன். அப்போது உம்மாவின் முகம் திறந்திருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். அறிவிப்பை எடுத்துவிடுங்க. தாங்க முடியவில்லை.

ஸப்ரி

*

கஹவத்தை
செப்டம்பர் 21

ஸப்ரி,

எடுத்துவிட்டேன்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். ஆட்கள் இருந்தார்கள். துணி வெட்டுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். பெல்மதுளையில் நீ நிற்கும்போது நான் உம்மாவின் தலைமாட்டில் யாஸீன் ஓதிக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். த்ரீவீல் ஓட்டோ ஒவ்வொன்றும் நிற்கும்போது எழும்பினேன். நான் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நீ ஒரே ஓர் அழுத்து அழுத்தியிருந்தால் போதும். இரண்டு பேரும் உம்மாவின் பிள்ளைகள்தானே, பிடிவாதத்தில் குறைவா?

உன்னை நான் மன்னிக்கிறேனா என்று கேட்காதே. இப்போதைக்கு எனக்கே தெரியாது. பொய்யாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும், வேறு யாராலும் முடியாது. பொம்பிளைகள் நாங்கள் கபுறுகள் இருக்கும் மையவாடிக்குப் போவதில்லை. உம்மாவை வாசல் வரைக்கும்தான் நான் அனுப்பினேன். சந்தூக்குப் பெட்டி றோட்டு வளைவில் திரும்பியது வரைக்கும் தெரியும். அதற்கு மேல் தெரியாது. நஜீபிடம் எங்கே என்று கேட்டேன். "உள்ளுக்குப் போய் இடது பக்கம் மச்சி" என்கிறான். ஹாஜியாரிடம் கேட்டால், "றப்பர் மரத்துப் பக்கம்" என்கிறார். இரண்டும் ஒன்றா, வேறா, எனக்கு விளங்கவில்லை. ஆர்டர் போடுகிறவனின் தெருவைக் கூட இந்தப் போன் எனக்குச் சொல்கிறது. என் உம்மா எந்த இடத்தில் கிடக்கிறா என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை வா. ஷார்ஜாவில் இருந்து வந்தேன் என்று சொன்னாலும் சரி, வரக்காப்பொலவில் இருந்து என்று சொன்னாலும் சரி, நான் பக்கத்தில் நிற்பேன், ஒரு சொல் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். முதலில் வீட்டுக்கு வராதே. நேரே மையவாடிக்குப் போ. வாசலில் இருந்து எத்தனை வரிசை, பக்கத்தில் யாருடைய கபுறு, மேலே நிழல் விழுகிறதா, மழைத் தண்ணீர் தேங்குகிறதா, தலைமாட்டில் நட்ட செடி பிடித்துவிட்டதா என்று எல்லாம் நின்று பார்.

பிறகு வந்து எனக்குச் சொல். எழுத வேண்டாம். வாயால் சொல்.

ராத்தா